கோலமாவில் பொங்கிய நுரை

என் அப்பாவுக்குத் தெரிந்த விஞ்ஞானம் மொத்தமே ஒன்றுதான். அதை எனக்குக் கற்றுக்கொடுத்த பாவத்துக்கு மனிதர் பட்ட பாடு இருக்கிறதே!

எங்கள் வீடு ஸ்ரீவில்லிபுத்தூரில். அப்பாவுக்கு ஆலங்குளம் பக்கம் சுண்ணாம்புக்கல் குவாரியில் வேலை. எண்பதுகளின் கடைசியில், நான் ஆறாம் வகுப்பில் இருந்தபோது, ஒரு மார்கழி ஞாயிற்றுக்கிழமை கல் ஒன்றைக் கொண்டுவந்து நுணுக்கி, அதன்மேல் எலுமிச்சம்பழத்தைப் பிழிந்தார். பொடி புஸ்ஸென்று நுரைத்தது.

"பாத்தியாட்டி? கல்லுக்குள்ள காத்து ஒளிஞ்சிருக்கு. புளிப்பு பட்டா வெளிய ஓடியாந்துரும். அரிசி, பருப்புல இப்படிப் பொங்காது. யாரு சொன்னாலும் நம்பாத. நீயே சோதிச்சுப் பாரு."

சோதித்தேன். வெள்ளையடித்த சுவர் பொங்கியது. அப்பாவின் பல்பொடி பொங்கியது. உப்பும் சர்க்கரையும் சும்மா கிடந்தன. அப்பாவுக்குப் பெருமை தாங்கவில்லை, மகள் கலெக்டராகவே ஆகிவிட்டாள் என்கிற மாதிரி நடந்தார்.

மறுநாள் விடியற்காலை, பாதிப் பழத்தோடு வாசலுக்குப் போனேன். அம்மா அப்போதுதான் கோலத்தை முடித்திருந்தாள். முந்தின வருஷம் டைபாய்டில் நான் பிழைத்தெழுந்ததற்காக, மார்கழி முழுக்கச் சுத்தப் பச்சரிசி மாவில் கோலம் போடுவதாக ஆண்டாளுக்கு நேர்ந்திருந்தாள். வாராவாரம் ஒரு பை பச்சரிசி கொடுத்துவிடுவாள். ராஜபாளையத்தில் பஸ் மாறும்போது அப்பா அதை மில்லில் அரைத்து வருவார். இந்தத் தடவை மாவு என்ன வெள்ளை என்று தெருவே மெச்சியது. எறும்புதான் வரவில்லை. "அதுகளுக்கும் குளிருதோ என்னவோ," என்றாள் அம்மா.

நான் பிழிந்தேன். கோலம் பொங்கியது.

"அம்மா, அரிசி பொங்குது!"

அம்மா மாவைக் கிள்ளி விரலில் தேய்த்தாள். பிறகு உள்ளே பார்த்தாள். அப்பா வாய் நிறையப் பல்பொடியோடு திருதிருவென விழித்துக்கொண்டிருந்தார்.

"இத்தன நாளா ஆண்டாளுக்குக் கல்லப் பொடிச்சா கோலம் போட்டேன்? எம்புள்ளைக்குத் திரும்பக் காய்ச்சல் வந்தா யாரு பதில் சொல்லுவா? என் அரிசி எங்க?"

அப்பா கொப்பளித்தார். இன்னொரு தடவையும் கொப்பளித்தார். அதற்குமேல் கொப்பளிக்கச் செம்பில் தண்ணீர் இல்லை.

"தளவாய்புரத்துல," என்றார்.

தளவாய்புரத்தில் இருப்பது அப்பாவின் தங்கை, என் அத்தை. ஒரு கல்யாணத்தில் அம்மாவை இரண்டாம் பந்திக்குத் தள்ளிவிட்டாள் என்று மூன்று வருஷமாகப் பேச்சுவார்த்தை கிடையாது. இந்த வீட்டிலிருந்து ஒரு பொட்டு அரிசி அங்கே போகக்கூடாது என்பது அம்மாவின் உத்தரவு. அப்பா பாதி அரிசியை அங்கே இறக்கிவிட்டு, மீதியை அரைத்து, குறைந்த அளவை ஈடுகட்டக் குவாரித் தூளைக் கலந்திருக்கிறார்!

"மச்சான் காமாலையில படுத்துக் கெடக்காரு. வேலைக்குப் போயி மூணு மாசமாச்சு. புள்ளைக வெறும் நீச்சத்தண்ணியக் குடிச்சிட்டுப் பள்ளிக்கூடம் போகுதுக."

எனக்கு அழுகை வந்துவிட்டது. அந்தப் பாழாய்ப்போன எலுமிச்சம்பழத்தை எடுக்காமலே இருந்திருக்கலாம். இனி அந்த அரிசியும் நின்றுபோகும்.

அம்மா விருட்டென்று உள்ளே போனாள். படியில் அரிசி அளக்கும் சத்தம் கேட்டது. இரண்டு பைகளோடு வந்து அப்பாவின் முன்னால் தொப்பென்று வைத்தாள்.

"இது நம்ம வாசல் எறும்புக்கு. இது தளவாய்புரத்து எறும்புக்கு. நான் குடுத்தேன்னு அங்க சொன்னீகன்னா இருக்கு உங்களுக்கு!"

அப்புறம் கோலத்தைக் கழுவிவிட்டு, வீட்டில் இருந்த அரிசியை ஊறவைத்து அம்மியில் அரைத்து, மறுபடி முதலிலிருந்து போட்டாள். அன்று எறும்பு வந்தது.

அடுத்த வாரம் மாவு வந்ததும் பிழிந்து பார்த்தேன். நுரை இல்லை. அதற்கடுத்த வாரம், பாவி மனுஷன், மறுபடியும் நுரை! அப்பா வெளியே நழுவச் செருப்பைத் தேடினார். நான் பயந்துபோய் அம்மாவைப் பார்த்தேன். அவள் கத்தவில்லை. அந்த நுரை அடங்குகிற வரைக்கும் பார்த்துக்கொண்டே நின்றாள்.

"அங்க பத்தல போல," என்றாள்.

என் கையிலிருந்த பழத்தைப் பிடுங்கி ஊறுகாய் ஜாடிக்குள் போட்டாள். மறுநாள் அப்பா மூன்று பைகளோடு பஸ் ஏறினார்.