ரூத் ராஜமணி நடித்த ஆயா

பெங்களூர் மல்லேஸ்வரத்தில் நான் வேலை பார்க்கும் பள்ளியில், ஆசிரியைகளைத் தேடித் தொலைபேசி வந்தால் அது நல்ல செய்தியாக இருந்ததே இல்லை. சென்ற வாரம் பியூன் வகுப்பு வாசலில் வந்து நின்றபோதே கையிலிருந்த சாக்பீஸை மேசைமேல் வைத்துவிட்டேன். காக்ஸ் டவுனிலிருந்து பேசியவர் சுருக்கமாகச் சொன்னார்: "ரூத் டீச்சர் காலையில போயிட்டாங்க மேடம். காமாலை முத்திப்போச்சு."

ரூத் ராஜமணிக்கு முப்பத்திரண்டு வயது. அவரை அறியாதவர்களுக்கும் சேர்த்துத்தான் எழுதுகிறேன். ஆனால் என் பயத்தை ஒளித்துவைத்துவிட்டு அவரைப் பற்றி எழுத எனக்கு வழியில்லை.

கன்டோன்மென்ட் பக்கம் ஒரு பெண்கள் கல்லூரியில் அவர் எனக்கு ஒரு வருடம் மூத்தவர். அக்கா என்பேன். கோலார் தங்கவயல் பெண். சுதந்திரம் வந்து ஏழெட்டு வருடமாகியும் அங்கே சுரங்கத்துத் துரைகள் பங்களாக்களில் இருந்தார்கள். அப்படியொரு பங்களாவில் அவருடைய அம்மா ஆயா. பின்கட்டில் ஓர் அறைதான் வீடு. மகளின் விடுதிச் செலவை ஏற்றிருந்ததும் அந்தத் துரைதான்.

கல்லூரியின் கிறிஸ்துமஸ் நாடகத்தில் சிவந்த பெண்ணுக்குத்தான் மரியாள் வேடம். யாரும் எழுதிவைக்காத சட்டம் அது. வருடந்தோறும் நான்தான் மரியாள். எனக்கு நடிக்கத் தெரியாது. நிறம் இருந்தது, போதாதா? நடிக்கத் தெரிந்த ரூத் அக்காவுக்கு ஏரோது, இடையன், ஒருமுறை ஒட்டகத்தின் பின்கால்கள். "பின்கால்லயும் ஆக்டிங் இருக்கு கிரேஸ். ஒட்டகத்தையே நொண்ட வெச்சிட்டேன், பாத்தியா?" என்று சிரிப்பார்.

கடைசி வருடம் ஆண்டுவிழாவுக்கு அவரே ஒரு நாடகம் எழுதினார். அவர் ஒருவரே நடித்தார். மேடையில் ஒரு முக்காலி மட்டும். துரையாகவும் துரைசானியாகவும் ஆங்கிலத்தில் பேசுவார், ஆயாவாகத் தமிழில். வெள்ளி ஸ்பூன் ஒன்று காணாமல் போகிறது. தோட்டக்காரன், வாட்ச்மேன், சமையல்காரன் எல்லோரும் பார்க்க ஆயாவைச் சேலையை அவிழ்த்து உதறிக் காட்டச் சொல்கிறார்கள். ஆண்கள் ஒருவரிடமும் சட்டையைக் கழற்றச் சொல்லவில்லை. பிறகு ஸ்பூன் குழந்தையின் பொம்மைப் பெட்டியில் கிடைக்கிறது. யாரும் மன்னிப்புக் கேட்கவில்லை. ஆயா சேலையைச் சுற்றிக்கொண்டு கேட்கிறாள்: "நாளைக்கு எத்தினி மணிக்கு வரட்டும் துரைசானி?"

அத்துடன் நாடகம் முடிந்தது. கைதட்டக்கூட யாருக்கும் தோன்றவில்லை. எனக்குப் பக்கத்தில் இருந்தவள் தன் முந்தானையை இழுத்துப் போர்த்திக்கொண்டாள்.

ஆண்டுவிழா நாடகத்தைப் பற்றி மாணவிகள் ஆளுக்கு ஒரு பக்கம் எழுத வேண்டும் என்பது எங்கள் கல்லூரி வழக்கம். நன்றாக இருப்பது ஆண்டு மலரில் வரும். கல்லூரிக்கு உதவி செய்யும் பெரிய மனிதர்களுக்கெல்லாம் அந்த மலர் போகும். அன்றைய வேகத்தில் நான் எழுதிவிட்டேன்: "இந்த ஆயா கற்பனை அல்ல. நடித்தவரின் தாயார். இன்றும் அதே பங்களாவில் வேலை செய்கிறார்." ஒத்திகையின்போது அக்கா என்னை நம்பிச் சொன்ன விஷயம் அது.

இரண்டு நாளில் கல்லூரித் தலைவியான மதர் கூப்பிட்டார். மேசைமேல் என் தாள். அந்த மூன்று வரிகளுக்கும் கீழே சிவப்புக் கோடு. அப்போதுதான் மலர் அந்தத் துரையின் கைக்கும் போகும் என்பது உறைத்தது. ஒரு பெண்ணின் வேலை, வீடு, மகளின் படிப்பு மூன்றையும் ஒரு தாளில் சுருட்டிக் கொடுத்திருக்கிறேன். இது உண்மையா என்று மதர் கேட்டார். இல்லை, நானாகக் கட்டிய கதை என்றேன். அங்கேயே உட்கார்ந்து வேறு எழுதச் சொன்னார். அந்த மூன்று வரிகளை மட்டும் எடுத்திருந்தால் போதும். பயந்தவளுக்கு அளவு தெரியுமா? ஆயா வேடம் அனைவரையும் வயிறு குலுங்கச் சிரிக்க வைத்தது, நல்ல நகைச்சுவை விருந்து என்று எழுதிக் கொடுத்தேன். அதுதான் அச்சில் வந்தது.

ரூத் அக்கா மலரைப் படித்துவிட்டு விடுதி மாடிப்படியில் என்னை நிறுத்தினார். "எங்கம்மா வேலையக் காப்பாத்திட்ட. கோவமே இல்ல. ஆனா யாருமே சிரிக்கலியே கிரேஸ், நீ ஏன் சிரிச்சாங்கன்னு எழுதுன?"

நான் படியிறங்கிப் போய்விட்டேன். அதற்குப் பிறகு அவரைக் கண்டால் ஒதுங்கினேன்.

பின்னர் அவர் லிங்கராஜபுரத்தில் ஆசிரியையானார். நேர்முகத்தில், பிள்ளைகள் உங்களைப் பார்த்துப் பயப்படுவார்களே என்று பள்ளி நிர்வாகி அவருடைய நிறத்தைச் சுட்டிச் சொன்னாராம். "மொத நாள் பயப்படுவாங்க சார். ரெண்டாம் நாள்லருந்து ஹோம்ஒர்க்குக்குத்தான் பயப்படுவாங்க" என்றாராம் இவர். வேலை கிடைத்தது. மேடை மட்டும் மறுபடி ஏறவேயில்லை. அதற்கு நான் காரணமா என்று கேட்கும் தைரியம் எனக்குக் கடைசிவரை வரவில்லை.

அடக்கத்தன்று அவர் அம்மாவின் அருகே போகாமல் ஒதுங்கி நின்றேன். அவரே அடையாளம் கண்டுகொண்டார்.

"நீதானே கிரேசு? நாடகத்தப் பத்தி புக்குல எழுதுனவ? அவதான் படிச்சிக் காட்டுனா." பிறகு குரலைத் தாழ்த்திக் கேட்டார். "அவகிட்ட கேக்க வாய் வரல. அந்த ஆயா நான்தானே? என்னப் பாத்து அவ்ளோவா சிரிச்சாங்க?"

பத்து வருடமாக இந்த அம்மா இதைச் சுமந்திருக்கிறார்.

"ஒருத்தரும் சிரிக்கலம்மா. பயத்துல நான் பொய் எழுதிட்டேன்."

நடந்ததை நடந்தபடி சொன்னேன். சேலை உதறும் இடத்தில் நிறுத்திவிட்டேன். "சொல்லு" என்றார். சொன்னேன். அவர் சவப்பெட்டியைப் பார்த்தபடி இருந்தார்.

"அப்ப அவளுக்கு நாலு வயசு. உள்ள தூங்கறான்னுதாமா நெனச்சினு இருந்தேன்."

பெட்டியை இறக்கும்போது அவர் என் கையை விடவில்லை.

ரூத் அக்கா, மாடிப்படியில் நீங்கள் கேட்டதற்குப் பதில் இவ்வளவுதான்: பயம். பஸ் ஏறினால் அரை மணி நேரத்தில் வந்து சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. அம்மாவிடம் சொல்லிவிட்டேன். போய் வாருங்கள்.