வாடகை வீட்டில் ஓர் ஆன்டெனா கம்பம்

அமெச்சூர் ரேடியோக்காரனுக்குக் கடலுக்கு அப்பால் இருக்கிறவனோடு பேசுவது சுலபம். கம்பம் நட வேண்டும் என்று வீட்டு ஓனரிடம் பேசுவதுதான் கஷ்டம். வாடகை வீட்டில் வயர் ஆன்டெனா கட்டிய என் இனத்துச் சகோதரர்களுக்கு இது நன்றாகவே தெரியும். முத்தையாபுரத்தில் கேட்ட இடமெல்லாம் கையை விரித்தார்கள். ரோஸ்மேரி அக்கா ஒருத்தர்தான் தன் பின்பக்கத்து வீட்டைக் கொடுத்தார். அதிலும் ஒரு நிபந்தனை: கம்பம் விழுந்தால் அன்றைக்கே காலி பண்ண வேண்டும்.

மூங்கில்

வயரின் ஒரு முனையை மொட்டைமாடித் தண்ணீர்த் தொட்டியில் கட்டியாயிற்று. மறுமுனைக்குத்தான் கம்பம். மலிவாகக் கிடைக்கிறதே என்று ஒரு பந்தல் மூங்கிலை முற்றத்தில் நட்டேன். வயரை இழுத்துக் கட்டியதும் அது தூண்டில் மாதிரி வளைந்துவிட்டது. விழுவதற்குள் நானே இறக்கினேன். பார்த்துக்கொண்டே நின்ற அக்கா கேட்டார்:

"தம்பி, மேகத்துலயா மீன் பிடிக்கப் போற?"

ஊரார் குழாய்

இரும்புக் குழாய் வாங்கலாம் என்று கடைக்குப் போனேன். விலையைக் கேட்டதும் ஆசை அடங்கிவிட்டது. திரும்பி வரும்போது தற்செயலாக அண்ணாந்து பார்த்தேன். அடேயப்பா! மாடிக்கு மாடி பழைய டிவி ஆன்டெனா குழாய். டிஷ் வந்தபிறகு யாருக்கும் வேண்டாமல் சும்மா நிற்கின்றன! வீடு வீடாகப் போய்க் கேட்டேன். எடுத்துப் போனால் சரி என்று சந்தோஷமாகவே கொடுத்தார்கள்.

ஒன்றுக்குள் ஒன்றைச் செருகி போல்ட் போட்டு நிமிர்த்தினேன். படகுக்கு வாங்குகிற நைலான் கயிற்றால் நாலு பக்கமும் இழுத்துக் கட்டினேன். துறைமுகத்தில் கப்பல் சரக்கைக் கட்டுவதுதான் என் பிழைப்பு. நான் போட்ட கட்டு நடுக்கடலிலும் அவிழ்ந்ததில்லை. இதை எங்கே வேண்டுமானாலும் மார்தட்டிச் சொல்வேன். என்னோடு வேலை பார்க்கும் முருகேசன் அண்ணாச்சி வந்து ஒரு கயிற்றை ஆட்டிப் பார்த்தார்.

"ஏலே, கம்பம் அசையாது. வேணும்னா வீடு அசையும்."

கொடியேற்றம்

வயரை ஏற்றி இறக்க உச்சியில் ஒரு கப்பி மாட்டியிருந்தேன். ஒரு ஞாயிற்றுக்கிழமை கயிற்றை இழுத்து வயரை மேலே ஏற்றிக்கொண்டிருக்கிறேன், மாதா கோயிலில் பூசை முடிந்து வந்த பெண்கள் வாசலில் நின்று சிலுவை போட்டுக்கொண்டார்கள். அவர்களைச் சொல்லிக் குற்றமில்லை. கோயில் திருவிழாக் கொடியும் இப்படித்தான் ஏறும். அவர்களில் ஓர் அம்மா தலையிலிருந்த மல்லிகைச் சரத்தை எடுத்துக் கம்பத்தில் சுற்றிவிட்டு, பயபக்தியோடு கேட்டார்:

"எந்தப் புனிதருக்குத் தம்பி கொடி ஏத்துதீய?"

காற்று

ஐப்பசி மழையோடு ஒருநாள் பெருங்காற்று பிடித்துக்கொண்டது. கம்பம் விழுந்தால் வீடும் போச்சு, ரேடியோவும் போச்சு. ஜன்னலை விட்டு நான் நகரவே இல்லை.

படாரென்று ஒரு சத்தம். தொலைந்தோம் என்று வெளியே ஓடினேன். முறிந்தது அக்காவின் முருங்கை மரம். அவருடைய அடுப்படி ஆஸ்பெஸ்டாஸ் கூரைமேல் விழ வேண்டியது, என் கயிற்றில் சிக்கித் தொங்கிக்கொண்டிருந்தது. கம்பம் ஆடியது, ஆனால் சாயவில்லை. அந்த மழையிலும் எனக்குப் பெருமை தாங்கவில்லை போங்கள்! தலையில் சாக்கைப் போட்டுக்கொண்டு வந்த அக்கா கூரையையும் மரத்தையும் மாறி மாறிப் பார்த்தார்.

"தம்பி, என்னைக்காவது நீ காலி பண்ணுனாலும் கம்பத்தை இங்கனயே விட்டுட்டுப் போயிரு."

ஆக, இப்போது அந்த வீட்டில் குடியிருப்பது கம்பம், வாடகை கட்டுவது மட்டும் நான்.