ஆயிரம் தடவை போன மனு

கொட்டகலைப் பக்கத்துத் தேயிலைத் தோட்டத்தில் கொழுந்து பறிக்கும் அக்கா அவர். போனைத் தொடுமுன் கறை படிந்த கட்டைவிரலை இடுப்பில் சுற்றிய படங்குத் துணியில் துடைத்துக்கொள்வார்.

மண்சரிவில் சுவர் வெடித்த லயங்களுக்கு, அந்த வரிசைக் குடியிருப்புகளுக்கு, பதில் வீடு கேட்டு மனு அனுப்பும் செயலி, ஆயிரம் பேர் சேர்ந்து திறந்தால் தாங்குமா என்று சோதிப்பது என் வேலை. அவரை என் போனில் மனு அனுப்பச் சொல்லி, யாரும் படிக்காதபடி பூட்டி அனுப்பப்படும் அந்தத் தகவலைச் சோதனைக் கருவியால் திறந்து, திரும்ப அனுப்புவதற்காகப் பதிவுசெய்தேன்.

"போயிருச்சா தம்பி?"

"இது சோதனைங்கக்கா, ஆபீசுக்குப் போகாது. இதையே எங்க மிஷினுக்கு ஆயிரம் தடவை அனுப்புவோம்."

"ஆயிரமா!" என்று சிரித்தார். "எனக்கு மூனு வருசமா 'மனு கிடைத்தது'ன்னு மட்டுந்தான் வருது. ஒன்னாவது தப்பித் தவறி அங்க போயிறாதா?"

மாலையில் ஆயிரத்துக்கும் நொடியில் பதில் வந்தது: 'மனு கிடைத்தது.' சோதனை வெற்றி என்று எழுதினேன். அவர் விரலைத் துடைத்துக்கொண்டது கண்ணிலேயே நிற்கிறது.