அம்மா முதலில் திரும்பிய பக்கம்

மார்கழி வெயிலில் மகாபலிபுரத்துப் பாறையின் முதுகு உள்ளங்கையைச் சுடும், நிழல் விழும் அடிப்பக்கமோ பானைத் தண்ணீர் போலச் சில்லென்றிருக்கும், இரண்டு பக்கமும் உப்புத்தாள் மாதிரி தோலை உரசும். பிடித்துக்கொண்டு தொங்கியவர்களுக்குத்தான் அது தெரியும்.

நான் ஆறாம் வகுப்பில் இருந்தபோது மந்தைவெளியில் எங்கள் வீட்டில் லேனா என்ற ஜெர்மன் பெண் தங்கியிருந்தாள். பள்ளிகள் மாணவர்களை மாற்றி அனுப்பும் ஏற்பாட்டில் என் அக்கா ஸ்டெல்லா அவள் வீட்டுக்குப் போயிருந்தாள், அவள் இங்கே வந்து அக்காவின் கட்டிலில் தூங்கினாள். ஆசிரியையான என் அம்மா அவளை "வந்த பொண்ணு" என்றுதான் சொல்வாள். வந்த பொண்ணுக்குக் காய்ச்சி ஆறவைத்த தண்ணீர், வந்த பொண்ணுக்குக் காரமில்லாத ரசம், வந்த பொண்ணு பஸ் ஏறும்வரை நிறுத்தத்தில் காவல் என்று வீடே அவளைச் சுற்றி ஓடிக்கொண்டிருந்தது.

கிறிஸ்துமஸ் விடுமுறையில் அப்பாவுக்கு லீவு கிடைக்காததால், அம்மா எங்கள் இருவரையும் வாடகை வேனில் மகாபலிபுரம் அழைத்துப் போனாள். லேனா சிற்பங்களை ஒரு மரியாதைக்குப் பார்த்துவிட்டு, யாரும் உளி வைக்காத மொட்டைப் பாறைகளின் பக்கம் போய்விட்டாள். அவள் ஊரிலும் இப்படிப் பாறைகள் உண்டாம், ஞாயிற்றுக்கிழமையானால் ஏறுவார்களாம். சொல்லி முடிப்பதற்குள் பாதி உயரத்தில் இருந்தாள். அம்மா குடையைப் பிடித்தபடி பாறை பாறையாகப் பின்னாலேயே ஓடினாள்.

"இன்னாக்கா, அது ஆட்டுக்குட்டி மாதிரி ஏறிக்கினு கீது, நீ கீழ நின்னு இன்னா பண்ணப் போற?" என்றார் வேன் டிரைவர்.

"சும்மா இருங்கண்ணே, விழுந்தா பிடிக்கணும்ல."

"குடையிலயா?"

எனக்குச் சிரிப்பு வரவில்லை. காலையிலிருந்து அம்மா என் பக்கம் திரும்பவே இல்லை என்பது மட்டும் நெஞ்சில் உறுத்திக்கொண்டிருந்தது, அதனால் நானும் பக்கத்துப் பாறையில் ஏறினேன். ஏறுவது சுலபமாகத்தான் இருந்தது. இறங்கலாமென்று காலை நீட்டியபோது கீழே காலை வைக்கும் இடம் கண்ணுக்குத் தெரியவில்லை, விரல்கள் வழுக்கின. "அம்மா!" என்று கத்தினேன்.

அம்மா பார்த்தாள். நன்றாகவே பார்த்தாள். "ஏய் ரீட்டா, கெட்டியாப் பிடிச்சுக்கோ, வரேன்" என்று சொல்லிவிட்டு மறுபடி அந்தப் பக்கம் திரும்பி, "லேனா, ப்ளீஸ், கம் டவுன், மெதுவா, மெதுவா" என்று இரண்டு கைகளையும் ஏந்தி நின்றாள். லேனாவோ என் குரல் கேட்டதுமே சரசரவென்று இறங்கி, அம்மாவின் கைகளைத் தாண்டி என் பாறைக்கு ஓடிவந்தாள். என் குதிகாலைப் பிடித்து, பாறையின் சின்னச் சின்னப் பிளவுகளில் ஒவ்வொன்றாக வைத்துவிட்டாள். நான் தரையைத் தொடும்வரை அம்மா, "நீ ஏறாதம்மா லேனா, நீ வந்துரு, அவளை நான் பாத்துக்கறேன்" என்று தமிழிலேயே கதறிக்கொண்டிருந்தாள்.

திரும்பும் வழியில் வேனின் கடைசி சீட்டில் அழுதுகொண்டிருந்த என்னிடம் அம்மா வந்து உட்கார்ந்தாள். "நீ என் பொண்ணுடி. உனக்கு அடிபட்டா நான் அழுதுட்டுப் போவேன். அவளுக்கு ஒண்ணுன்னா அவ அம்மாவுக்கு என்ன பதில் சொல்லுவேன்? இங்க நான் இவளைப் பாத்துக்கிட்டாதானே அங்க அவங்க ஸ்டெல்லாவைப் பாத்துப்பாங்க?" என்றாள். என் சிராய்த்த உள்ளங்கையை ஊதிக்கொண்டே வந்தாள்.

அந்த ஞாயிறு அக்கா போனில் பேசினாள். "இங்க யாரும் என் பின்னாடி வரமாட்டாங்கம்மா. நானே ரயில் ஏறிப் போறேன், நானே வரேன். ஜாலியா இருக்கு." மறுநாள் லேனா தெருமுனைக் கடைக்குக் கிளம்பியபோது, அம்மா செருப்பை மாட்டிக்கொண்டு வழக்கம்போல் அவள் பின்னால் போனாள்.

இப்போது அடையாறில் இருக்கிறேன், எனக்கும் ஐந்து வயதில் ஒரு மகள். போன மாதம் மகாபலிபுரம் போகிறோம் என்றதும் கீழ்வீட்டுக்காரர், "எங்க பையன் ஆதியையும் கூட்டிட்டுப் போறீங்களா? உங்கள நம்பி அனுப்பலாம்" என்றார். காரில் இடமில்லை என்று சொல்லிவிட்டேன். "பின் சீட்டு பாதி காலியாத்தானே கிடக்கு?" என்று என் கணவர் விழித்தார். இரண்டு குழந்தைகளும் ஒரே நேரத்தில் கூப்பிட்டால் நான் எந்தப் பக்கம் முதலில் திரும்புவேன் என்பது எனக்குத் தெரியும், அதை அவருக்கு எப்படி விளக்குவது? சொன்னது சரியா தப்பா என்று வழி முழுக்க மாற்றி மாற்றி யோசித்துக்கொண்டு வந்தேன். மாதக்கணக்கில் ஒரு பெண்ணை முன்பின் தெரியாத வீட்டில் விட்டுவைத்த துணிச்சல் எங்கள் கட்டடத்தில் இன்று யாருக்கும் இல்லை, ஒரு சாயங்காலம் விளையாட விட்டால்கூடப் படம் எடுத்து அனுப்பச் சொல்கிறோம்.

நான் ஏறிய பாறையைச் சுற்றி இப்போது கம்பிவேலி போட்டிருக்கிறார்கள், பக்கத்தில் போனாலே காவலாளி விசில் ஊதுகிறார். ஏறுவதற்கு ஒன்றுமில்லை, என் மகளைத் தவிர நான் பார்த்துக்கொள்ள வேண்டியவர் யாருமில்லை, நிம்மதியாக இருந்திருக்க வேண்டும்.

"ஆதி வந்திருந்தா நாங்க ஓடிப் பிடிச்சு விளையாடியிருப்போம்" என்றாள் அவள். பிறகு, "கைய விடும்மா, வலிக்குது" என்றாள்.