பட்டை உள்ள துண்டு

டியூட்டி முடிந்து, சோனாப்பூர் தொழிலாளர் கேம்ப்பில் நாங்கள் கீரை வளர்க்கும் பழைய பெயின்ட் வாளியின் மண்ணைக் கிளறினேன். கரண்டி பட்டு மண்புழு ஒன்று துண்டானது. "போச்சு, தூக்கிப் போடு" என்றான் ரூம்மேட் முருகன்.

எட்டு வயதில் நான் வேண்டுமென்றே வெட்டியிருக்கிறேன். ஒன்று இரண்டாகும் என்று நம்பி, தூண்டிலுக்காகப் பத்துப் புழுக்களை பிளேடால் நறுக்கினேன். உடம்பில் வெளுத்திருந்த பட்டைதான் வெட்டுவதற்கான இடம் என்று நினைத்தேன். மறுநாள், துண்டுகளைப் போட்டு வைத்த சிரட்டையில் ஒரே நாற்றம். பிளஸ் டூவில் விலங்கியல் படித்த அக்கா மூக்கைப் பொத்திக்கொண்டு கிளறினாள். பிளேடு வழுக்கி, பட்டைக்குக் கீழே வெட்டுப்பட்ட ஒன்று மட்டும் நெளிந்தது.

"பட்டை தலைப்பக்கந்தான்டா இருக்கும். அது முழுசா இருந்தா வால் திரும்ப வளரும்."

வாளிக்குள் குனிந்து பார்த்தேன். நெளிந்த துண்டில் பட்டை முழுசாக இருந்தது.

"இது பொழைச்சுக்கும்டா" என்றேன்.

முருகன் தன் குடிதண்ணீர் பாட்டிலைத் திறந்து, அந்த மண்ணை நனைத்தான்.