தம்பிஐயாவின் சுவிஸ் லைற்

புங்குடுதீவுத் தம்பிஐயாவுக்குச் சிரிப்பு வராது. மாத்தறையில் கடை வைத்திருந்த காலத்தில் படிந்த பழக்கம் அது. முதலாளி பல்லைக் காட்டினால் வருகிறவன் கடனுக்குக் கேட்பான் என்பது அவருடைய வியாபாரக் கொள்கை. கடையை விற்றுவிட்டு ஊரோடு வந்த பிறகும் முகம் என்னவோ கடை முகமாகவே இருந்தது.

இப்படிப்பட்ட மனிதருக்குப் பிள்ளையார் கோயில் பரிபாலன சபைத் தலைவராக வேண்டுமென்று ஆசை பிடித்துவிட்டது. சாதாரண ஆசையில்லை, சோறு இறங்காத ஆசை. திருவிழாவில் முதல் காளாஞ்சி மரியாதை தலைவரின் கைக்குத்தான் போகும். அது தன் கையில் விழாமல் கட்டை வேகாது என்று சொல்லிக்கொண்டு திரிந்தார்.

மனைவி அம்பிகைதான் உண்மையைப் போட்டுடைத்தவர்.

"இஞ்சருங்கோ, உங்கடை முகத்தைப் பாத்தாலே சனம் ஒழுங்கைக்குள்ளை திரும்புது. எதிர்த்து நிக்கிறது சிவகரன். அவன் மாட்டோடையும் நிண்டு கதைக்கிறவன். நாலு பேரைப் பாத்துச் சிரிச்சுப் பழகுங்கோ."

சொன்னது உறைத்தது. பொழுதுபட்டால் குறிகட்டுவான் இறங்குதுறை வீதியால் சைக்கிளில் ஒரு சுற்றுப் போவது, எதிர்ப்படுகிற எல்லோருக்கும் சிரிப்பது என்று முடிவெடுத்தார். கடைசிப் படகால் வந்து இறங்கியவர்கள், சங்கக்கடைக்குப் போய்த் திரும்புகிறவர்கள் என்று அந்த நேரத்தில் ஊரில் பாதி வீதியில்தான். கண்ணாடிக்கு முன்னால் நின்று ஒத்திகையும் பார்த்தார். முதல் நாள் பல்வலிக்காரன் போலிருந்தது. போகப் போகத் தேறிவிட்டது.

அந்த நேரம் பார்த்துத்தான் சுவிஸில் இருக்கும் மகன் துஷ்யந்தன் ஒரு சைக்கிள் லைற் அனுப்பி வைத்தான். போனிலும் படித்துப் படித்துச் சொன்னான்.

"அப்பா, நிலத்தைப் பாக்கிற மாதிரிப் பூட்டுங்கோ. எதிரை வாறவைக்குக் கண் கூசும். ஆக்கள் வந்தால் வெளிச்சத்தைக் குறையுங்கோ."

"சுவிஸ் வெளிச்சத்தை மண்ணிலை கொட்டுறதுக்கோடா அனுப்பினனீ?" என்று கேட்டுவிட்டுப் போனை வைத்தார் தம்பிஐயா.

அற்பனுக்குப் பவிசு வந்தால் அர்த்தராத்திரியிலும் குடை பிடிப்பானாம். இவர் பொழுதுபட்டதும் லைற் பிடித்தார். ஆட்களின் முகத்துக்கு நேரே வரும்படி நிமிர்த்திப் பூட்டினார். குறைந்த வெளிச்சத்துக்கும் அதில் ஒரு சுவிச் இருந்தது. கஞ்சன்களுக்காக வைத்திருக்கிறார்கள் என்று அதைத் தொடவேயில்லை.

எதிரே வந்த சனத்துக்கு ஒரு வெள்ளை நெருப்பு வருவது மட்டும் தெரிந்தது. அதற்குப் பின்னால் ஒரு மனிதர் கன்னம் நோகச் சிரித்துக்கொண்டு வருகிறார் என்று யார் கண்டார்? கண் கூசி எல்லோரும் கையைத் தூக்கி முகத்தை மறைத்தார்கள். சிலர் பாதை தெரியாமல் சைக்கிளை விட்டு இறங்கி ஓரத்தில் நின்றார்கள். ஒரு பசுமாடு யாரோ வீட்டு வேலியைப் பிய்த்துக்கொண்டு உள்ளே போனது.

தம்பிஐயாவோ பூரித்துப் போனார்.

"ஊரே எனக்குக் கை தூக்குது. சைக்கிளாலை இறங்கியெல்லே மரியாதை செய்யினம்" என்று அம்பிகையிடம் அளந்தார். "இண்டைக்குச் சறோஜினிதேவி ரீச்சரும் கை தூக்கினவ, தெரியுமே?"

"அவ கோயிலிலை ஐயருக்கும் தூக்காதவ" என்று அம்பிகை ஆச்சரியப்பட்டார். சிரிப்புக்கு இவ்வளவு சக்தியா என்று அந்தப் பாவியும் நம்பிவிட்டது.

சிவகரனின் சைக்கிளில் இருந்தது பழைய டைனமோ லைற். மிதித்தால் எரியும், நின்றால் அணையும். அவனோ ஆளுக்கு ஆள் நிற்கிறவன். ஆகவே பாதி வழி இருட்டில்தான் போவான். அதைப் பார்த்துத் தம்பிஐயா இரக்கப்பட்டதும் உண்டு.

சபைக் கூட்டம் பின்னேரப் பூசைக்குப் பிறகு மடத்தில் நடந்தது. கை தூக்கித்தான் தெரிவு. சிவகரனின் பெயரைச் சொன்னதும் மடம் முழுக்கக் கை. தம்பிஐயாவின் பெயருக்கு, அவரை முன்மொழிந்த மைத்துனர் ஏரம்புவும் வழிமொழிந்தவரும் மட்டும் தூக்கினார்கள். ஏரம்புவின் கைகூட தோளுக்கு மேலே ஏறவில்லை.

தம்பிஐயா எழும்பினார். நேரே சறோஜினிதேவியிடம் போனார்.

"ரீச்சர், ஒவ்வொரு நாளும் வீதியிலை எனக்குக் கை தூக்கினனீங்கள். இண்டைக்கு என்ன வந்தது?"

சறோஜினிதேவி அவரை ஏற இறங்கப் பார்த்தார்.

"அந்த லைற் நீங்களே? குருடாகிப் போவன் எண்டெல்லோ கண்ணைப் பொத்தினனான். வாயாலை சொன்னது உங்கடை காதிலை விழுந்திருந்தால் நீங்கள் இண்டைக்குப் போட்டிக்கே நிண்டிருக்கமாட்டியள்."

பக்கத்தில் நின்றவர்கள் சிரிப்பை அடக்க முகத்தைத் திருப்பிக்கொண்டார்கள். அவருக்குப் பூமி பிளந்து விழுங்கினால் போதும் என்றிருந்தது.

வெளியே நன்றாக இருண்டுவிட்டது. தம்பிஐயா சைக்கிளை எடுத்தார். கொஞ்சம் யோசித்தார். பிறகு லைற்றை நிலத்தைப் பார்க்கத் திருப்பி, அந்தக் கஞ்சன் சுவிச்சையும் அமத்திவிட்டு மிதித்தார். வெளிச்சம் முன்சில்லுக்கு அடியில் அடக்கமாக விழுந்தது. எதிரே, அன்று பிந்தி வந்த கடைசிப் படகால் இறங்கியவர்கள் வந்துகொண்டிருந்தார்கள். ஒருவரும் கண்ணைப் பொத்தவில்லை. அவர்களுடைய சைக்கிள் வெளிச்சத்தில் அவருடைய முகம் எல்லோருக்கும் வடிவாகத் தெரிந்தது.

"தம்பிஐயா அண்ணையே? தோத்துப் போனியளாம், இப்பத்தான் போனிலை சொன்னவை" என்றார் முதலில் வந்தவர்.

"ரண்டு கைதானாமே, உண்மையே அண்ணை?" என்று அவருக்குப் பின்னால் வந்தவர் அக்கறையோடு சைக்கிளை நிறுத்தினார்.

அவரைத் தாண்டி இன்னும் நாலைந்து பேர் வந்துகொண்டிருந்தார்கள். வீட்டுக்குப் போக வேறு பாதையும் இல்லை.