ஓடைக்கு இந்தப்பக்கம்

இடக்கையை நீட்டி, ஒரு கண்ணை மூடி, தூரத்துக் கொடியைக் கட்டைவிரலால் மறைக்கிறார் அம்சவள்ளி. அதன் பிறகுதான் கோல்ஃப் மட்டையைப் பிடிக்கிறார். "அந்தக் கொடியயே பாத்துகினு இருந்தா கையும் அங்கியே போவுதுங்க."

கல்வராயன் மலையடிவாரத்தில் ஒரு தனியார் தோட்டத்துக்குள் இருக்கும் சின்ன மைதானம் அது. அங்கே புல் வெட்டும் மெஷின் ஓட்டுகிறார். முன்பு மூங்கில்துறைப்பட்டில் கரும்பு வெட்டியவர். சேலைக்கு மேல் முழுக்கைச் சட்டை, காலில் கேன்வாஸ் ஷூ. மாலையில் ஊழியர்களும் ஆடலாம் என்றபோது முதலில் மட்டையெடுத்த பெண் இவர்தான். டீயை நன்றாக ஆறவைத்தே குடிப்பார். நகரத் தொடங்கிய பஸ்ஸில் ஏறவே மாட்டார்.

கடைசிக் குழிதான் அங்கே மிகவும் கிட்டத்தில் இருப்பது. ஆனால் குறுக்கே ஓடை. அதற்கப்பால், ஓடையை நோக்கிச் சரியும் புல்தரையில் கொடி. எல்லோரும் ஒரே அடியில் தாண்டப் பார்ப்பார்கள். பாதிப் பந்துகள் தண்ணீரில் போய், கணக்கில் ஓர் அடி கூடிவிடும். அம்சவள்ளி முதல் அடியை ஓடைக்கு இந்தப்பக்கமே நிறுத்திவிடுவார்.

"அக்கா பயந்துகினு ஆடுது" என்பார் தோட்டத்து டிராக்டர் மெக்கானிக், தியாகதுருகத்து அன்புச்செல்வன்.

"ஆமா, பயந்துகினுதான் ஆடுறேன்."

போன மாதம் ஊழியர் போட்டி. குறைந்த அடிகளில் முடித்து ஜெயிப்பவர் கோயம்புத்தூரில் ஆடலாம். கடைசிக் குழிக்கு இருவரும் சமமாக வந்தார்கள். அன்புச்செல்வனின் பந்து ஓடையைத் தாண்டிப் பறந்து, கொடிக்கு மேலே, சரிவில் இரண்டடி தூரத்தில் நின்றது.

"இப்பவாவது நேரா அடிக்கா, வுட்டா போச்சு" என்றார்கள் சுற்றி நின்றவர்கள்.

"கோயம்புத்தூரு நானுந்தான் பாத்ததில்ல" என்றார் அம்சவள்ளி. கட்டைவிரல் எழுந்தது. பந்து ஓடைக்கு இந்தப்பக்கம் விழுந்தது. யாரோ தலையில் அடித்துக்கொண்டார். அடுத்த அடி மெல்ல எழுந்து, ஓடையைக் கடந்து, குழிக்குக் கீழே ஒரு சாண் தள்ளி நின்றது.

அன்புச்செல்வன் குழியை நோக்கிப் பந்தைத் தட்டினார். கொஞ்சம் வேகம் ஜாஸ்தி. குழியின் ஓரத்தைத் தொட்ட பந்து சரிவில் உருண்டு, நிற்காமல் போய் ஓடையில் விழுந்தது. அம்சவள்ளி தன் பந்தை மூன்றாவது அடியில் குழிக்குள் தள்ளினார்.

கைதட்டல் ஓயவில்லை. அன்புச்செல்வன் தண்ணீரையே பார்த்து நின்றார். அம்சவள்ளி ஷூவைக் கழற்றினார். சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு ஓடைக்குள் இறங்கினார். குனிந்து சேற்றில் துழாவி, பந்தை எடுத்து, சட்டை நுனியில் துடைத்து அன்புச்செல்வன் கையில் வைத்தார்.